கோல்டிங்ஸ், பெர்ன்ஸ்டீன், ஸ்டூவர்ட்: ஆர்கன் மூவரணியில் சூடு குறைந்துவிட்டதா?

இடக்கை எழுதியது:

இந்த வாரம் முழுவதும் ஒரே இசைத்தட்டைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். லாரி கோல்டிங்ஸ் ஆர்கன், பீட்டர் பெர்ன்ஸ்டீன் கிட்டார், பில் ஸ்டூவர்ட் டிரம்ஸ். 2018இல் வந்த ‘டாய் ட்யூன்ஸ்’. கேட்கக் கேட்க ஒரு கருத்து உறுதியாகிவிட்டது. மழுப்பாமல் சொல்கிறேன்: ஜாஸ் ஆர்கன் மூவரணிகளில், மூன்று பேரும் சரிநிகராக வாசிக்கிற அணி என்றால் இது ஒன்றுதான். மற்ற அணிகளில் ஆர்கன் வாசிப்பவர் ராஜா. கிட்டாரும் டிரம்ஸும் பரிவாரம். இங்கே ராஜா கிடையாது.

இவர்களை அறியாதவர்களுக்குச் சில வரிகள். கோல்டிங்ஸ் 1968இல் பாஸ்டனில் பிறந்தவர். பெர்ன்ஸ்டீன் நியூயார்க்கில், 1967இல். ஸ்டூவர்ட் அயோவா மாநிலத்தின் டெமாய்ன் நகரத்தில், 1966இல். 1980களின் இறுதியில், மன்ஹாட்டனில் பிராட்வே மேல் இருந்த ஆகீஸ் என்ற சிறிய மதுக்கூடத்தில் மூவரும் சேர்ந்து வாசிக்கத் தொடங்கினார்கள். இருபதைத் தாண்டியும் தாண்டாத வயது. 1991இல் கோல்டிங்ஸ் பெயரில் முதல் தட்டு. ஆகீஸ் மூடப்பட்ட பிறகு அதே இடத்தில் 1999இல் ஸ்மோக் என்ற ஜாஸ் கூடம் திறந்தது. அந்தக் கூடத்தின் இசைத்தட்டு நிறுவனம்தான் 2022இல் இவர்களுடைய ‘பெர்பெச்சுவல் பெண்டுலம்’ தட்டை வெளியிட்டது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அதே மூன்று பேர். ஜாஸில் இது எளிதில் அமையாது. ஒவ்வொருவருக்கும் ஊரெல்லாம் வேறு வேறு அணிகளில் வேலை இருக்கிறது; கோல்டிங்ஸ் பாடகர் ஜேம்ஸ் டெய்லரோடு பல ஆண்டுகள் சுற்றுப்பயணம் போனவர். இருந்தும் திரும்பத் திரும்பச் சேர்கிறார்கள்.

‘டாய் ட்யூன்’ வெய்ன் ஷார்ட்டர் எழுதிய உருப்படி. ஷார்ட்டர் 1965இல் அதைச் சாக்ஸபோனோடும் பியானோவோடும் பதிவு செய்தார். அதை எடுத்து ஆர்கனில் இறக்கி, அதன் மர்மம் கெடாமல் வாசிப்பதற்கு எவ்வளவு நிதானம் வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள்.

நியூவர்க் ரசிகன் எழுதியது:

நல்ல கலைஞர்கள். அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் நீங்கள் எதைப் பெருமையாகச் சொல்கிறீர்களோ அதுதான் என் குறை. நிதானம், மர்மம், சரிநிகர். ஆர்கன் மூவரணி இவற்றுக்காகப் பிறந்ததில்லை.

லாரன்ஸ் ஹேமண்ட் 1935இல் தன் மின் ஆர்கனை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, குழாய் ஆர்கன் வைக்க வசதியில்லாத தேவாலயங்கள் அதை வாங்கின. கறுப்பினத்தவரின் தேவாலயங்களில் அது வழிபாட்டின் குரலாகவே ஆகிவிட்டது. போதகர் பேசும்போது பின்னால் முனகும், அவர் குரல் உயரும்போது கூடவே உயரும், சபை எழுந்து நின்றால் கூரையைத் தூக்கும். அந்தக் குரல்தான் சனிக்கிழமை இரவுகளில் பிலடெல்பியாவிலும் நியூவர்க்கிலும் ஹார்லெமிலும் மதுக்கூடங்களுக்குள் வந்தது. ஜிம்மி ஸ்மித் பியானோ வாசித்துக்கொண்டிருந்தவர். வைல்ட் பில் டேவிஸின் ஆர்கனைக் கேட்டுவிட்டு ஹேமண்டுக்கு மாறினார். ஒரு கிடங்கில் கருவியைப் போட்டு, கால் கட்டைகளின் படத்தைப் பெரிய தாளில் வரைந்து எதிரே சுவரில் மாட்டித் தனியாகப் பழகினார். 1956இல் ப்ளூ நோட் இசைத்தட்டு நிறுவனம் அவரைப் பதிவு செய்தது. அதற்குப் பிறகுதான் ஜாஸில் ‘ஆர்கன் மூவரணி’ என்ற சொல்லுக்கே ஒரு கனம் வந்தது.

நான் நியூ ஜெர்சிக்கு வந்த புதிதில், வேலை முடிந்து நண்பர் ஒருவர் ஒரு பேட்டை மதுக்கூடத்துக்கு அழைத்துப் போனார். எழுபது வயதைத் தாண்டிய ஒருவர் ஆர்கனில் உட்கார்ந்திருந்தார். காலணியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, தேய்ந்த காலுறையோடு கால் கட்டைகளைத் தொட்டார். ஆர்கனோடு சேர்கிற, உள்ளே கொம்பு சுழலும் லெஸ்லி ஒலிபெருக்கியின் பெட்டி என் நாற்காலியிலிருந்து ஓரடி தூரத்தில் இருந்தது. அதன் மேல் யாரோ வைத்திருந்த கண்ணாடிக் குவளை, அவர் அடிச்சுரத்தைப் பிடித்த ஒவ்வொரு முறையும் மெல்ல நகர்ந்து விளிம்புக்கு வந்தது. சமையற்கட்டிலிருந்து பெண்மணி ஒருவர் ஓடிவந்து அதை உள்ளே தள்ளி வைத்துவிட்டு, அங்கேயே நின்று இரண்டு சுற்று ஆடிவிட்டுப் போனார். ஆர்கன் என்றால் எனக்கு அதுதான். கோல்டிங்ஸ் அணியைக் கேட்கும்போது குவளை நகர்வதில்லை. சூடு இல்லை.

புதுச்செவி எழுதியது:

இடையில் ஓர் அடிப்படைக் கேள்வி. மன்னிக்கவும், நான் ஜாஸுக்குப் புதிது. ஆர்கன், கிட்டார், டிரம்ஸ் என்று மூன்றுதான் சொல்கிறீர்கள். ஆனால் தட்டில் அடிநாதமாக பேஸ் கிட்டார்போல ஒன்று விடாமல் நடந்துகொண்டே இருக்கிறதே, அதை யார் வாசிக்கிறார்கள்?

இடக்கை எழுதியது:

புதுச்செவி, சரியான இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள். இந்த விவாதம் முழுவதும் அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

அது ஆர்கன் வாசிப்பவரின் இடக்கை. ஹேமண்ட் ஆர்கனின் பி-3 மாதிரியில் இரண்டு அடுக்குக் கட்டைகள், ஒவ்வொன்றிலும் 61. கீழே காலுக்கு 25 கட்டைகள். வலக்கை மேல் அடுக்கில் பாட்டை வாசிக்கும். இடக்கை கீழ் அடுக்கில், ஒவ்வொரு தாளத் தட்டுக்கும் ஒரு சுரமாக, பேஸ் வாசிப்பவரின் வேலையைச் செய்யும். இடது கால், கால் கட்டையைச் சுருக்கென்று தொட்டுவிட்டு எடுக்கும். இடக்கை வாசிக்கும் சுரத்துக்கு அது ஒரு முனையைக் கொடுக்கும், கம்பியை விரலால் சுண்டியதுபோல. வலது கால் ஒலியளவு மிதியின் மேல். ஆக நான்கு உறுப்பும் நான்கு வேலையில்.

நான் ஐந்தாறு ஆண்டுகளாக ஒரு பழைய ஹேமண்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். இருக்கையும் கால் கட்டைகளும் சேர்த்து 190 கிலோ அளவுக்கு இருக்கும் அந்தப் பெட்டியை எழுப்புவதே தனிச் சடங்கு. இரண்டு விசைகள். முதல் விசையை மேலே தள்ளிப் பிடித்துக்கொண்டு எட்டு விநாடி எண்ண வேண்டும். உள்ளே மோட்டார் முனகிக்கொண்டு வேகமெடுக்கும். அது போதுமான வேகத்துக்கு வந்ததும், முதல் விசையை விடாமல் இரண்டாவது விசையையும் தள்ளி இன்னும் நான்கு விநாடி. பிறகு முதல் விசையை விட்டால் அது தானாகத் தாழும். அவசரப்பட்டால் ஓட்டம் நின்றுவிடும். உள்ளே 91 பல்சக்கரங்கள் ஒரே அச்சோட்டத்தில் சுழல்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு காந்தத்துக்கு எதிரே. அங்கேதான் சுரம் பிறக்கிறது.

இனி முக்கியமான செய்தி. இந்தக் கட்டையை மெதுவாக அழுத்தினாலும் ஓங்கி அடித்தாலும் ஒலி ஒன்றுதான். பியானோவைப்போல் விரலின் எடை ஒலியில் தெரியாது. விரலை எடுக்கும்வரை சுரம் தேயாது. எனவே இதில் உரக்க வாசிப்பது எளிது; மிதியை அழுத்தினால் போதும். அடங்கி வாசிப்பதுதான் கடினம், ஏனென்றால் ஒவ்வொரு சுரத்தையும் எப்போது விடுவது என்று நீங்களே முடிவு செய்தாக வேண்டும். நியூவர்க் ரசிகன் ‘சூடு இல்லை’ என்கிற இடத்தில்தான் கோல்டிங்ஸின் கைத்திறன் உச்சத்தில் இருக்கிறது. அவர் இடக்கையைக் கேளுங்கள். சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவில் அவர் விடுகிற மயிரிழை இடைவெளி, ஸ்டூவர்ட்டின் சிம்பல் விழுவதற்கான இடம்.

தோல்கருவி எழுதியது:

டிரம்ஸ் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை.

ஆர்கன் அணியில் டிரம்ஸ் வாசிப்பது மற்ற அணிகளில் வாசிப்பதுபோல இல்லை. ஆர்கனின் அடிச்சுரம் உருண்டையாக, கொஞ்சம் குழைவாக வரும். நிற்கவைத்து வாசிக்கும் பேஸைப்போல அதற்குக் கூர்மையான தொடக்கம் கிடையாது. டிரம்ஸ்காரர் வழக்கம்போலக் கால் முரசை நான்கு தட்டுக்கும் வைத்துக்கொண்டிருந்தால் கீழே எல்லாம் சேறாகிவிடும். ஆகவே தாளத்தின் முன்விளிம்பைச் சிம்பல்தான் காட்ட வேண்டும்.

பில் ஸ்டூவர்ட்டின் சிம்பல் ஒலி வறண்டது. பரவாது, குச்சி நுனி பட்ட இடம் தனித்தனியாகக் கேட்கும். இந்த அணிக்கு அது அளவெடுத்துத் தைத்ததுபோலப் பொருந்துகிறது. அதன் மேல் இடக்கையில் அவர் பேசிக்கொண்டே இருக்கிறார். மூன்றுக்கு நான்கு, ஐந்துக்கு நான்கு என்று குறுக்கே கணக்குப் போடுகிறார், ஆனால் உருப்படியின் சுற்று அவர் மண்டையிலிருந்து ஒரு நொடி விலகுவதில்லை. அவர் தனியாக வாசிக்கும்போது மெட்டையும் கூடவே முணுமுணுத்துப் பாருங்கள். 32 ஆவர்த்தனமும் சரியாக வந்து விழும்.

இதைச் சூடு இல்லை என்று என்னால் சொல்ல முடியாது. ஐயா தேடுகிற வேர்வை வேறு இடத்தில் இருக்கிறது, அவ்வளவுதான்.

நியூவர்க் ரசிகன் எழுதியது:

இடக்கை, தோல்கருவி இருவருக்கும். நுட்பத்தை நான் குறை சொல்லவில்லை. வரலாற்றைக் குறை சொல்கிறேன். ‘மற்ற அணிகளில் ராஜாவும் பரிவாரமும்’ என்று முதல் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். அது தவறு. அந்த வரி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

ஜிம்மி ஸ்மித்தோடு 1956 முதல் ஏழெட்டு ஆண்டு டிரம்ஸ் வாசித்தவர் டொனால்ட் பெய்லி. அவர் பரிவாரமா? 1960இல் பதிவான ‘பேக் அட் தி சிக்கன் ஷாக்’ தட்டைப் போடுங்கள். தலைப்பு உருப்படி ஒரு நிதானமான 12 ஆவர்த்தன ப்ளூஸ். பெய்லி ஓரிடத்திலும் குரலை உயர்த்தவில்லை. ஆனால் அவரை எடுத்துவிட்டால் அந்த நடை தரையில் விழுந்துவிடும். கென்னி பரெலின் கிட்டார், ஸ்டான்லி டரெண்டைனின் சாக்ஸ் எல்லாம் அந்த நடையின் மேல்தான் நிற்கின்றன. அடக்கம் என்றால் அதுவும் அடக்கம்தான். இவர்கள் புதிதாகக் கண்டுபிடித்ததில்லை.

சரிநிகர் என்கிறீர்களே, லாரி யங் எங்கே போனார்? எங்கள் நியூவர்க் மண்ணில் பிறந்தவர். 1964இல் கிராண்ட் கிரீன் கிட்டார், லாரி யங் ஆர்கன், எல்வின் ஜோன்ஸ் டிரம்ஸ், மூன்றே பேர், ஒரு முழுத் தட்டு. அதில் யார் ராஜா, யார் பரிவாரம், சொல்லுங்கள் பார்க்கலாம். அடுத்த ஆண்டு ‘யூனிட்டி’. ஊடி ஷா ட்ரம்பெட், ஜோ ஹெண்டர்சன் சாக்ஸ், மறுபடியும் எல்வின். ஆர்கனை மதுக்கூடத்திலிருந்து எடுத்து, சாக்ஸ் கலைஞர் கோல்ட்ரேன் திறந்த வெளிக்குக் கொண்டுபோனவர் அவர். 1969இல் டிரம்ஸில் டோனி வில்லியம்ஸ், கிட்டாரில் ஜான் மெக்லாக்லின், இவர்களோடு ‘லைஃப்டைம்’ அணி. அதுவும் தொடக்கத்தில் ஆர்கன் மூவரணிதான், வெடிகுண்டுபோல. 1978இல் 37 வயதில் இறந்துவிட்டார். அவருக்கு முப்பது ஆண்டுகள் கிடைக்கவில்லை. கிடைத்தவர்களைப் பாராட்டும்போது கிடைக்காதவரை மறந்துவிட்டு எழுதாதீர்கள்.

இடக்கை எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன். அந்த வரியைத் திரும்பப் பெறுகிறேன். லாரி யங்கை நான் மறக்கவில்லை, ஆனால் ‘இது ஒன்றுதான்’ என்று எழுதியபோது கை முந்திவிட்டது. 1964ஆம் ஆண்டுத் தட்டை நேற்று இரவே திரும்பக் கேட்டேன். நீங்கள் சொன்னது சரி.

ஆனாலும் ஒரு வேறுபாட்டைச் சொல்கிறேன். எல்வினும் யங்கும் கிரீனும் சந்தித்தது பதிவுக்கூடத்தில். சில தட்டுகள், அவ்வளவே. மாதக்கணக்கில் ஊர் ஊராகப் போய் வாசித்த அணி இல்லை. கோல்டிங்ஸ் அணியிலோ, ஒருவர் அடுத்து என்ன செய்வார் என்று மற்ற இருவருக்கும் தெரியும். தெரிந்தும் அவர் அதைச் செய்யாமல் விடும்போது அவர்களுக்கே வியப்பாக இருக்கும். அந்த விளையாட்டு நீண்ட காலம் சேர்ந்திருந்தால்தான் வரும். ஒன்றைக் கவனித்துப் பாருங்கள்: பெர்ன்ஸ்டீன் கிட்டாரில் மனோதர்மம் தொடங்கும்போது கோல்டிங்ஸின் வலக்கை பல இடங்களில் எழுவதே இல்லை. வெறும் இடக்கைச் சுரங்கள், சிம்பல், கிட்டார். ஆர்கனும் கிட்டாரும் ஒரே உயரத்தில் ஒலிக்கும் கருவிகள். இருவரும் ஒரே நேரத்தில் சுரக்கூட்டுகளை வைத்தால் ஒருவர் காலை ஒருவர் மிதிப்பார்கள். யாராவது விட்டுக்கொடுக்க வேண்டும். இந்த அணியில் அது பேச்சே இல்லாமல் நடக்கிறது.

பழைய இசைத்தட்டு எழுதியது:

இரண்டு பக்கமும் படித்தேன். நியூவர்க் ரசிகன் ஐயாவின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் இவர்கள் மரபுக்கு வெளியிலிருந்து வந்து அதை மெருகேற்றிக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தவர்கள் என்ற தொனி வருகிறதே, அது சரியில்லை. என் அலமாரியில் உள்ளதை வைத்துச் சொல்கிறேன்.

லூ டொனால்ட்சன் என்ற சாக்ஸ் கலைஞர். ஜிம்மி ஸ்மித் 1958இல் பதிவு செய்த, இருபது நிமிடம் ஓடும் ‘தி செர்மன்’ உருப்படியில் வாசித்தவர். 1967இல் ஆர்கனில் லானி ஸ்மித், கிட்டாரில் ஜார்ஜ் பென்சன் என்று ‘அலிகேட்டர் பூகலூ’ தட்டைக் கொடுத்தவர். ஆர்கன் மதுக்கூடங்களை ஊர் ஊராகச் சுற்றியவர். 2024இல் 98 வயதில் மறைந்தார். அவர் தன் அணியில் கிட்டாருக்கு வைத்துக்கொண்டது யாரை? பீட்டர் பெர்ன்ஸ்டீனை. 1995ஆம் ஆண்டுத் தட்டில் டாக்டர் லானி ஸ்மித் ஆர்கன், பக்கத்தில் பெர்ன்ஸ்டீன். பிறகு லானி ஸ்மித்தே தன் தட்டுகளுக்குப் பெர்ன்ஸ்டீனை அழைத்தார். லானியும் 2021இல் போய்விட்டார்.

இன்னொன்று. கிட்டார் கலைஞர் வெஸ் மான்ட்காமரி 1959இல் ரிவர்சைடு நிறுவனத்துக்காக நியூயார்க் வந்து பதிவு செய்த மூவரணியில் ஆர்கன் வாசித்தவர் மெல்வின் ரைன், இண்டியானாபொலிஸ்காரர். பல ஆண்டுகள் வெளியில் தெரியாமல் இருந்தவர், 1990களில் மீண்டும் பதிவு செய்யத் தொடங்கியபோது கிட்டாரில் அமர்ந்தது அதே பெர்ன்ஸ்டீன், டிரம்ஸில் கென்னி வாஷிங்டன். அந்த முதியவர்கள் யாரும் சும்மா இரக்கப்பட்டு ஒரு பையனைப் பக்கத்தில் உட்காரவைக்கிறவர்கள் அல்லர். காது இல்லாதவனை அடுத்த வாரம் கூப்பிட மாட்டார்கள்.

கிட்டார் கலைஞர் ஜிம் ஹாலிடம் பாடம் கேட்டதும் பெர்ன்ஸ்டீனுக்குள் இருக்கிறது. ஒரு சுரத்தை வைத்துவிட்டு அது அடங்கும்வரை காத்திருக்கிற குணம் அங்கிருந்து வந்தது. ப்ளூஸ் வந்தது லூவிடமிருந்து. இரண்டும் ஒரே கையில் இருப்பதுதான் அவர் தனித்தன்மை.

தோல்கருவி எழுதியது:

பழைய இசைத்தட்டு ஐயாவுக்கு நன்றி. கூடவே ஒன்று: மேஸியோ பார்க்கர் 1991இல் வெளியிட்ட ‘மோ ரூட்ஸ்’ தட்டில் ஆர்கன் கோல்டிங்ஸ், டிரம்ஸ் ஸ்டூவர்ட். ஜேம்ஸ் பிரவுன் அணியின் சாக்ஸ் கலைஞரோடு, இருபதுகளின் தொடக்கத்திலும் நடுவிலும் இருந்த இந்த இருவரும். சூடாக வாசிக்கத் தெரியாதவர்கள் அங்கே நிற்க முடியாது.

நியூவர்க் ரசிகன் எழுதியது:

சரி, வம்சாவளி விஷயத்தில் என் வாதம் தோற்றது. லூவோடு வாசித்தவரை நான் வெளியாள் என்று சொல்ல மாட்டேன். சொன்னதாகத் தொனித்திருந்தால் தவறு என்னுடையது.

ஆனால் தோல்கருவி சொன்னது என் கேள்வியை இன்னும் கூர்மையாக்குகிறது. வாசிக்கத் தெரியும், ஆனால் இந்த அணியில் அப்படி வாசிப்பதில்லை என்றால் அது தேர்வு. ஏன் அந்தத் தேர்வு? என் பதில் இது: கேட்பவர்கள் மாறிவிட்டார்கள். பேட்டை மதுக்கூடத்தில் ஆர்கன் வந்ததற்கே ஒரு கணக்கு இருந்தது. பேஸ் வாசிக்கத் தனியாள் வேண்டாம், மூன்று பேருக்குக் கூலி கொடுத்தால் கூடம் முழுக்க ஒலி நிரம்பும், வேலை முடிந்து வருகிற ஆலைத் தொழிலாளி ஆடுவான். அந்த ஆலைகள் மூடின, அந்தக் கூடங்கள் மூடின, 1970களின் நடுவில் ஹேமண்ட் நிறுவனமே பி-3 செய்வதை நிறுத்திவிட்டது. 1980களின் இறுதியில் பதினெட்டு வயதுகூட நிரம்பாத ஜோயி டிஃபிரான்செஸ்கோ பிலடெல்பியாவிலிருந்து வந்து ஆர்கனுக்கு மறுபடியும் உயிர் கொடுத்தார். அவரும் 2022இல் 51 வயதில் போய்விட்டார். அந்தச் செய்தி வந்த நாளில் எனக்கு வேலை ஓடவில்லை. இன்று கேட்பவர்கள் மேசையில் சாப்பாட்டை வைத்துக்கொண்டு, மூச்சு விடாமல் கேட்கிறார்கள். இசை அவர்களுக்கு ஏற்றபடி சன்னமாகிவிட்டது. அழகு குறையவில்லை. ஊர் குறைந்துவிட்டது.

புதுச்செவி எழுதியது:

ஊர் குறையவில்லை என்று நினைக்கிறேன் ஐயா. நீங்கள் எல்லாரும் பேசியதைக் கேட்டு இரண்டு நாளாகத் தேடித் தேடிக் கேட்டேன். சியாட்டல் நகரத்தில் டெல்வன் லமார் என்பவரின் ஆர்கன் மூவரணி ஒன்று இருக்கிறது. 2015இல் தொடங்கியது, ஒரு வானொலி நிலையத்தில் வாசித்த காணொளியால் உலகமெங்கும் பரவியது. அந்தக் காணொளியில் கிட்டார் ஜிம்மி ஜேம்ஸ். அதைப் போட்டதும் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த என் மகள் நாற்காலியோடு ஆடத் தொடங்கிவிட்டாள். நீங்கள் சொன்ன அந்தச் சமையற்கட்டுப் பெண்மணி நினைவுக்கு வந்தார்.

கோல்டிங்ஸ் அணியைப் போட்டபோது அவள் ஆடவில்லை. ஆனால் எழுதுவதை நிறுத்திவிட்டு, “அந்த கிட்டார் ஏதோ கேட்டது, ஆர்கன் இன்னும் பதில் சொல்லவில்லை” என்றாள். அவளுக்கு ஒன்பது வயது.

நியூவர்க் ரசிகன் எழுதியது:

லமார் அணியை எனக்குத் தெரியும். நல்ல அணி, இடக்கை இறுக்கமாக நடக்கும். எனக்கு மனம் நிறைந்தது. குழந்தைக்கு என் அன்பு.

இடக்கை எழுதியது:

குழந்தை சொன்னதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் நியூவர்க் ரசிகன் ஐயாவிடம் ஒரு வேண்டுகோள். ‘சன்னமாகிவிட்டது’ என்பதை மட்டும் விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

2014இல் வந்த ‘ராம்ஷேக்கிள் செரினேட்’ தட்டில் பிரேசில் இசையமைப்பாளர் ஜோபிம் எழுதிய ‘லூயிசா’ இருக்கிறது. சவுக்க காலம். இதைத்தான் ஆர்கனில் வாசிக்கவே பயப்பட வேண்டும். பியானோவில் ஒரு சுரத்தை வைத்தால் அது தானாகத் தேய்ந்து அடுத்ததற்கு வழிவிடும். ஆர்கன் அப்படிக் கருணை காட்டாது. விரல் அங்கே இருக்கும்வரை சுரம் அப்படியே தடியாக நிற்கும். மெதுவான உருப்படியில் ஒவ்வொரு சுரமும் நீளம். ஒவ்வொன்றின் நீளத்துக்கும் நீங்கள்தான் பொறுப்பு. லெஸ்லிக்குள் ஒலிக்கொம்பு வேகமாகச் சுழன்றால் உணர்ச்சி கொட்டும், எல்லாரும் உருகுவார்கள். அந்தக் கையிருப்பை அவசரமாகச் செலவழிக்காமல் பிடித்துவைப்பதற்கு நெஞ்சுரம் வேண்டும். நான் இதே உருப்படியை வீட்டில் முயன்றேன். மூன்றாவது வரியிலேயே பொறுக்க முடியாமல் லெஸ்லியை வேகத்துக்குத் தட்டிவிட்டேன். கை தானாகப் போய்விட்டது. அப்போதுதான் புரிந்தது, அவர்கள் எதைச் சும்மா விட்டுவைத்திருக்கிறார்கள் என்று.

ஒருமுறை விளக்கமாகக் கேளுங்கள். நல்ல ஒலிபெருக்கியில், கீழ்ச்சுரம் தெரிகிற மாதிரி.

நியூவர்க் ரசிகன் எழுதியது:

நேற்று இரவு கேட்டேன். கைபேசியில் இல்லை, வரவேற்பறையில் உள்ள பெரிய பெட்டியில்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். முதல் முறை கேட்டபோது என் கருத்து மாறவில்லை. இரண்டாவது முறை இடக்கையை மட்டும் பிடித்துக்கொண்டு போனேன். மூன்றாவது முறை டிரம்ஸில் உரசும் பிரஷ்ஷை மட்டும். அப்போது ஒன்று தெரிந்தது. அந்தப் பழைய மதுக்கூடத்தில் முதியவர், இரவின் கடைசி உருப்படியாக, கூட்டம் கலைந்த பிறகு ஒரு மெதுவான பாட்டை வாசிப்பார். அப்போது ஆட்டம் இருக்காது. நாற்காலிகளை மேசை மேல் கவிழ்த்துக்கொண்டிருப்பார்கள். அவர் யாருக்காகவும் இல்லாமல் வாசிப்பார். அதையும் நான் கேட்டிருக்கிறேன். அதைப் பற்றி இங்கே எழுதவே தோன்றவில்லை பாருங்கள். குவளை நகர்ந்தது மட்டும்தான் நினைவில் நின்றது.

‘லூயிசா’ அந்த நேரத்து வாசிப்பு. அந்த அளவுக்கு ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இரவு முழுவதும் அந்த ஒரு மணி நேரமாகவே இருந்தால் எனக்குப் போதாது. அதற்கு முந்தைய நான்கு மணி நேரமும் எனக்கு வேண்டும். அதில் நான் இறங்கி வரமாட்டேன், இடக்கை.

இடக்கை எழுதியது:

வரவேண்டாம் ஐயா. நானும் இந்த வாரம் ‘சிக்கன் ஷாக்’கை எடுத்து, பெய்லியின் ஹை-ஹாட் சிம்பலை மட்டும் தொடர்ந்து கேட்கப் போகிறேன். இவ்வளவு நாள் ஸ்மித்தின் வலக்கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன்.

புதுச்செவி எழுதியது:

லாரி யங்கில் எதிலிருந்து தொடங்க வேண்டும்? மகளும் கேட்கிறாள்.

நியூவர்க் ரசிகன் எழுதியது:

முதலில் 1964ஆம் ஆண்டு மூவர் தட்டு. ‘டாக்கின் அபவுட்’, கிராண்ட் கிரீன் பெயரில் இருக்கும். அது பழகிய பிறகு ‘யூனிட்டி’. முதல் உருப்படியைத் தொடங்கிவைப்பவர் எல்வின். அவருக்குப் பிறகு மற்றவர்கள் வரும்போது, கீழே பேஸாக நடப்பது யாருடைய கையும் காலும் என்று மகளையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அவள் என்ன சொன்னாள் என்று இங்கே எழுதுங்கள்.